கணவாய்க்கு ஒரே உச்சவரம்பு போதுமா?

கலிஃபோர்னியக் கடலில் பிடிபடும் கணவாய், நம் மீனவர்கள் ஊசிக்கணவாய் என்று சொல்வதன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஆயுள் ஆறு முதல் ஒன்பது மாதம்தான், முட்டையிட்டதும் இறந்துவிடும். முட்டையிடுவதற்காகக் கரையோரம் திரளும்போதுதான் அதை இரவில் விளக்கு காட்டி ஈர்த்துச் சுருக்குவலையால் வளைக்கிறார்கள். ஆகவே ஒரு கூட்டம் முட்டையிடாமலே வலையில் முடிந்துபோனால், அந்த இழப்பை ஈடுகட்ட மூத்த தலைமுறை என்று எதுவும் கடலில் மிஞ்சியிருக்காது.

2005 முதல் நடைமுறையில் உள்ள மேலாண்மைத் திட்டம், ஏப்ரல் தொடங்கி மார்ச் வரையிலான பருவம் முழுவதற்கும் 1,18,000 ஷார்ட் டன் (ஒரு ஷார்ட் டன் ஏறத்தாழ 907 கிலோ) என்று ஒரே உச்சவரம்பை வைத்திருக்கிறது. வெள்ளி நண்பகல் முதல் ஞாயிறு நண்பகல் வரை பிடிக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. வாரத்தில் இரண்டு இரவுகளேனும் கணவாய் நிம்மதியாக முட்டையிட விடும் அந்த எளிய ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு உறுத்துவது உச்சவரம்புதான். வடக்கே மான்டரேயில் கோடையிலும், தெற்கே சேனல் தீவுகளை ஒட்டிக் குளிர்காலத்திலும் பிடிப்பு மிகும். 2010 டிசம்பரில் நடந்ததுபோல வரம்பு முன்னதாகவே எட்டப்பட்டால், பருவத்தின் முற்பகுதியில் முட்டையிட வந்தவை சுமையைத் தாங்க, பிந்தி வருபவை தப்பிவிடுகின்றன.

எல்லாம் ஒரே கூட்டம் என்றால் இதனால் பெரிய கேடில்லை. 2001-இல் வெளியான மரபணு ஆய்வு ஏறத்தாழ அப்படித்தான் காட்டியது. ஆனால் மரபணுத்தொகுதி முழுவதிலுமிருந்து குறியீடுகளை எடுத்துப் பார்த்த 2021 ஆய்வு, வெவ்வேறு காலத்தில் முட்டையிட வருபவற்றிடையே நுட்பமான வேறுபாடுகள் இருப்பதைக் கண்டது. இதில் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. தலைமுறைக்குச் சில கணவாய்கள் இடம் மாறிக் கலந்தாலே மரபணு வேறுபாடு அழிந்துவிடும். ஆனால் சிதைந்த ஒரு கூட்டத்தை மீண்டும் நிரப்ப அந்தச் சில போதவே போதா. எனவே வேறுபாடு தென்படவில்லை என்ற முடிவை, தாராளமாகப் பிடிக்கலாம் என்ற அனுமதியாக வாசிப்பது பிழை.

1997-98 எல் நினோவின்போது பிடிப்பு சரிந்ததற்குக் கடல் வெப்பமே காரணம்; அதை எந்த மரபணுச் சோதனையும் தடுத்திருக்காது. ஆயினும் உச்சவரம்பைப் பருவத்தின் இரு பாதிகளுக்கும் பிரித்து வைக்கலாம் என்பதே என் கருத்து. எங்கே பிரிப்பது என்பதை மரபணு சொல்லட்டும். இறங்குதுறையில் கணவாயை அறுத்து எடையும் சினைப்பையும் பார்க்கும் அதே மேசையில், ஒரு துண்டுச் சதையைச் சாராயக் குப்பியில் இட்டு, தேதியும் இடமும் எழுதி வைப்பது பெரிய செலவில்லை. ஆய்வுக்குப் பணம் கிடைக்கும்வரை அது கெடாமல் காத்திருக்கும்.