பன்னிரண்டு பருவம் விளையாடியவரை வீண் என்கிறீர்களே!

அலெக்ஸ் லென்னைக் கேலி செய்யும் அந்தப் படத்தை நம் கூடைப்பந்துக் குழுவில் போட்டவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. எல்லாரும் பார்த்தீர்கள், பாதிப் பேர் சிரிப்பு முகமும் போட்டீர்கள். இடப்பக்கம் கோப்பையோடு நட்சத்திர வீரர் யானிஸ், நடுவில் இன்னொரு நட்சத்திரம் கோபேர், வலப்பக்கம் தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உக்ரைன்காரர் லென். தலைக்கு மேல் 15, 27, 5 என்று மூன்று எண்கள், 2013 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவர்கள் எடுக்கப்பட்ட இடங்கள். கீழே, ‘ஏழடி வளர்ந்தும் வீண்.’

சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு கணக்கைக் கேளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் லென் விளையாடியது 12 பருவங்கள். 2013-14இல் ஃபீனிக்ஸில் தொடங்கி 2024-25இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் வரை. ஆண்டுக்குச் சுமார் 60 பேர் டிராஃப்டில் வருகிறார்கள், அவர்களில் பாதிப் பேரின் பெயர் நான்கைந்து ஆண்டுகளில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அவர் எடுக்கப்பட்ட அதே 2013இல் முதல் இடத்தில் வந்த ஆந்தனி பென்னட் நான்கு பருவத்தில் லீக்கை விட்டே போய்விட்டார். பன்னிரண்டு பருவம் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வேலை கிடைத்தது என்றால், சம்பளம் எழுதிக் கொடுத்த அத்தனை பொது மேலாளர்களும் முட்டாள்கள், நம் குழுவில் படம் ஒட்டுகிறவர் மட்டும்தான் கூடைப்பந்து தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

“யானிஸை விட்டுவிட்டு இவரை எடுத்தார்களே” என்பீர்கள். எத்தனை முறை கேட்டாயிற்று இந்தக் கேள்வியை! 2013 ஜூனில் யானிஸ் கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். அவருக்கு முன்னால் 14 பெயர்கள் வாசிக்கப்பட்டன. லென் அந்தப் பதினான்கில் ஒருவர், அவ்வளவுதான். மற்ற பதின்மூன்று பேர் எங்கே உங்கள் படத்தில்? நான்காவது இடத்தில் கோடி செல்லர் எடுக்கப்பட்டார், அவரை ஏன் ஒட்டவில்லை? அந்த ஐந்தாம் இடமும் வானத்திலிருந்து விழவில்லை. 2012 நவம்பரில் புரூக்ளினில் மேரிலாந்து, கென்டக்கி பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். நாடே பேசிக்கொண்டிருந்த நெர்லன்ஸ் நோயலுக்கு எதிரே நின்று மேரிலாந்துக்கு ஆடிய லென் 23 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அமெரிக்காவுக்கு வந்து அது இரண்டாவது ஆண்டு. முதல் ஆண்டில், உக்ரைனில் தொழில்முறை கிளப்புக்கு ஆடினார் என்ற காரணத்துக்காக முதல் பத்து ஆட்டங்கள் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

இனி அவருடைய கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிராஃப்டுக்கு முந்தைய மாதம் இடது கணுக்காலில் எலும்பு விரிசலுக்கு அறுவை சிகிச்சை. டிராஃப்ட் முடிந்த சில வாரங்களில் வலது கணுக்காலில் இன்னொன்று. ஏழடி உடம்பைத் தாங்குகிற இரண்டு கணுக்கால்களும் ஒரே கோடையில் கத்தி பார்த்தன. முதல் பருவத்தில் சராசரி இரண்டு புள்ளிகள் என்று கேலி செய்கிறீர்களே, அந்தப் பருவத்துக்கு முன்னால் அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். கல்லூரியில் நானும் லென்னைப் போலச் சென்டர், வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமான ஆள். நாங்கள் ஆடியது சிமெண்டுத் தரை. கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, விரலால் தொட்டால் ஓர் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் வலிக்கும். எழும்பும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வலி தொடைவரை ஏறும். எக்ஸ்ரேயில் முதலில் எதுவும் தெரியவில்லை. உடனே பயிற்சியாளர் எல்லார் முன்னாலும், “இவ்வளவு உயரம் இருந்து என்ன பயன், பந்தைப் பிடிக்கப் பயந்து நடிக்கிறாள்” என்றார். விரிசல் பிறகு ஸ்கேனில் தெரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம், வலி போன பிறகும், நான் ரீபவுண்டுக்கு எழும்பும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் எழும்பினேன். தரையைப் பார்க்கிறவள் பந்தை எப்படிப் பிடிப்பாள்? ஃபீனிக்ஸில் லென்னின் முதல் இரண்டு வருட ஆட்டங்களை மறுபடி பாருங்கள். அவரும் தரையைப் பார்க்கிறார். எனக்குத் தெரிகிறது.

“ஒரு மாவட்ட ஆட்டக்காரி தன்னை என்.பி.ஏ. சென்டரோடு ஒப்பிடுகிறாள்” என்று எழுதத் தயாராகிறவர்களுக்கு: எழுதுங்கள். விரிசல் லீக் பார்த்து வலிப்பதில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். ஃபீனிக்ஸில் அவர் வளரத் தொடங்கியபோது 2015இல் அனுபவமுள்ள சென்டர் டைசன் சாண்ட்லரைக் கொண்டுவந்து மேலே உட்கார வைத்தார்கள். லென் வெளியேறிய 2018இல் அந்த அணி டிராஃப்டின் முதல் இடத்திலேயே இன்னொரு சென்டரை எடுத்தது. அட்லாண்டாவுக்குப் போனார். அதுவரை வளையத்துக்கு அடியில் மட்டும் வேலை பார்த்தவர் அங்கே தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிவதைக் கற்றுக்கொண்டார், அந்தப் பருவத்தில் சராசரி 11 புள்ளிகளைத் தாண்டினார். அவருடைய மிகச் சிறந்த பருவம் அதுதான். 25 வயதுக்கு மேல் ஒரு ஏழடி மனிதர் தன் எறியும் கையைப் புதிதாகப் பழக்குவது எப்படிப்பட்ட வேலை என்று பந்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். உக்ரைனிலிருந்து என்.பி.ஏ.வுக்கு முதலில் வந்தவர்களில் ஒருவரான வோல்கோவ் 1989இல் சேர்ந்ததும் இதே அட்லாண்டாவில்தான். லேக்கர்ஸோடு இரண்டு சாம்பியன் மோதிரம் வாங்கிய மெத்வெதென்கோவும் கடைசியாக ஆடியது அங்கேதான். அந்த ஊருக்கும் உக்ரைன்காரர்களுக்கும் ஏதோ ஒட்டுதல்.

பிறகு சாக்ரமெண்டோ, டொரான்டோ, வாஷிங்டன், மறுபடி சாக்ரமெண்டோ. இதையும் கேலி செய்தீர்கள், ‘பெட்டி படுக்கையோடு அலைகிறவர்’ என்று. 16 ஆண்டுகள் பிளேஆஃப் பக்கமே போகாத சாக்ரமெண்டோ 2023இல் உள்ளே நுழைந்தபோது முதன்மை சென்டர் சபோனிஸுக்கு மாற்றாக அந்த அணியில் இருந்தவர் இவர்தான். மாற்று வீரர் என்றால் என்ன வேலை தெரியுமா? இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதன்மை வீரர் இரண்டாவது நிமிடத்தில் மூன்று ஃபவுல் வாங்கினால் அந்த நொடியே, உடம்பு சூடாகாமலே, எதிரணியின் மிகப் பெரிய ஆளின் மீது போய் மோத வேண்டும். ஆட்டம் முடிந்தால் செய்தியில் பெயர் வராது. மறுநாளும் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைப் பல ஆண்டுகள் முகம் சுளிக்காமல் செய்தார்.

“2025 பிளேஆஃபில் கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்டு எடுத்தபோது லேக்கர்ஸ் பெஞ்சில் லென் வேடிக்கை பார்த்தாரே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்தார்தான். களத்தில் இறக்காதவர் பயிற்சியாளர். உயரமான ஆள் இல்லாமல் ஆடித் தோற்றது பயிற்சியாளரின் திட்டம், கேலி மட்டும் லென்னுக்கு. அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியானா அணிக்குப் போக இருந்தவர் மனம் மாறி லேக்கர்ஸுக்கு வந்தார், இந்தியானா இறுதிச் சுற்றுக்கே போனது. அவருக்கே அது போதாதா, நாமும் சேர்ந்து குத்த வேண்டுமா?

“ஐந்தாம் இடத்துக்கு எதிர்பார்ப்பு அதிகம் இல்லையா?” என்பது நியாயமான கேள்வி. ஆமாம், அதிகம். ஃபீனிக்ஸ் ரசிகர் ஏமாந்தேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஏமாற்றம் வேறு, வீண் வேறு. “கோடி கோடியாகச் சம்பாதித்தவருக்கு என்ன பரிதாபம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

“போரை இழுத்து அனுதாபம் தேடாதே” என்று முன்கூட்டியே எச்சரித்த நண்பருக்கு: இழுக்கத்தான் போகிறேன். லென் பிறந்தது லுஹான்ஸ்க் பகுதியின் அந்த்ராசித், நிலக்கரிச் சுரங்க ஊர். அவர் என்.பி.ஏ.வில் முதல் பருவம் ஆடி முடித்த 2014இல் அந்த ஊர் உக்ரைனின் கையைவிட்டுப் போனது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும், நீங்கள் பெஞ்சில் பார்த்துச் சிரித்த ஒவ்வோர் ஆட்டமும், போக முடியாத ஊரை வைத்துக்கொண்டு ஆடியது. 2022 பிப்ரவரியில் படையெடுப்பு தொடங்கியபோது அவரும் இன்னோர் உக்ரைன் என்.பி.ஏ. வீரரான மிகைலியுக்கும் சேர்ந்து கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். செப்டம்பரில் அதே இருவரும் ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துப் போட்டியான யூரோபாஸ்கெட்டில் நாட்டுச் சட்டையைப் போட்டு மிலானில் ஆடினார்கள், இத்தாலியை அதன் சொந்த அரங்கிலேயே தோற்கடித்தார்கள். சொந்த நாட்டில் ஆட முடியாமல் வேற்று நாட்டில் உள்ளூர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த அணி அது. அந்த ஆட்டத்தின் படம் ஒன்றைக்கூட யாரும் குழுவில் போடவில்லை. தோளில் துண்டு போட்ட படம் மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது.

உண்மையில் என்னைச் சுட்டது லென்கூட இல்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ‘ஏழடி வளர்ந்தும்’ என்ற அந்த ‘உம்’. கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ‘உம்’. “இவ்வளவு உயரம் இருந்தும் இந்தியா டீமுக்குப் போகவில்லையா?” என்று ஒரு பெரியப்பா. “இந்த உயரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை பார்க்க?” என்று ஒரு அத்தை. உயரமாகப் பிறந்துவிட்டால் ஊருக்கே கடன்பட்டவர்கள் போலக் கணக்குக் கேட்கிறீர்கள். கூடைப்பந்துக் குழுவிலாவது அந்தக் குரல் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

2025இல் லென் ரியல் மாட்ரிட்டின் கூடைப்பந்து அணிக்குப் போனார். ‘அமெரிக்காவில் துரத்திவிட்டார்கள்’ என்று இதற்கும் ஒரு படம் தயாராகிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் ஒன்று 32 வயதில் ஒருவரைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் துரத்தல் இல்லை, ஐயா.

பின்னூட்டத்தில் யானிஸ் படத்தோடு வருகிறவர்களை நீக்கிவிடுவேன். வாதாட வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஒரே ஒரு நிபந்தனை: 2013 டிராஃப்டில் எடுக்கப்பட்ட 60 பேரின் பெயரையும் பார்க்காமல் எழுதுங்கள், அவர்களில் 12 பருவம் நின்றவர்கள் யார் என்று வட்டம் போடுங்கள், அதன் பிறகு வீண் யார் என்று பேசலாம்.