சந்தேகம் தானா போகாது
வீடு வாங்கின பிறகு வர்ற சந்தேகம் ஆறு மாசத்துல தானா அடங்கிடும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, எனக்கு அடங்கவே இல்லைங்க. 2023ல சென்னைப் பக்கம் ஊரப்பாக்கத்துல ஃபிளாட், 40 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம், மாசம் 34,700 சொச்சம். டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ பெட்ரூம் மூலையில சுவர் ஊறி பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு, விரல் வெச்சா பொலபொலன்னு உதிருது, அன்னைக்கு ராத்திரி பூரா தப்பு பண்ணிட்டோமோன்னு தூக்கமே இல்ல. ஒரு வருஷம் நாலு லட்சத்துக்கு மேல கட்டியும் அசல் 80 ஆயிரம் கூட குறையலன்னு ஸ்டேட்மென்ட்ல பார்த்தப்போ வயிறு எரிஞ்சுது. பொறுத்துப் பார்த்ததுல எதுவும் மாறல, ஒவ்வொண்ணா கையில எடுத்தப்போதான் மாறிச்சு. சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா பில்டர் காசு வாங்காம 30 நாள்ல சரிபண்ணணும்னு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3)ல இருக்கு, அதை எழுதி ரிஜிஸ்டர் தபால் போட்ட பிறகுதான் ஆள் வந்து வெளிச்சுவர் விரிசலை அடைச்சாங்க, அதுவரைக்கும் சும்மா பட்டி பூசிட்டுப் போனவங்கதான். லோனுக்கு வருஷம் ஒரு இஎம்ஐ கூடுதலா கட்டுறேன், அதுலயே மூணு வருஷத்துக்கு மேல குறையும், ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் வட்டின்னா முன்கூட்டிக் கட்டுறதுக்கு அபராதமும் கிடையாது. மேல கமென்ட்ல ஒருத்தர், வீடு வாங்கி ரெண்டே மாசத்துல வித்துடலாமான்னு கேட்டிருக்கார், வேணாங்க, முத்திரைத்தாளுக்குப் போன காசு திரும்பி வராது, எது உறுத்துதுன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க, பட்டா, சொத்து வரி, இபி எல்லாம் உங்க பேருக்கு மாறிடுச்சான்னு பாருங்க, எனக்குப் பாதி பயம் பட்டா கைக்கு வந்த அன்னைக்கே போயிடுச்சு.