2015-க்கு முன்பே வந்த பாடம்
"நிலைத்த வளர்ச்சிப் பாடம் 2015-ல் ஐ.நா. சொல்லித்தான் நம் பள்ளிகளுக்கு வந்தது, அதுவும் மரம் நடுவதோடு சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு, சார். 2015-ல் வந்தவை நிலைத்த வளர்ச்சிக்கான, அதாவது அடுத்த தலைமுறைக்கும் வளம் மிஞ்சும்படி வளர்வதற்கான, ஐ.நா.வின் 17 இலக்குகள். சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும்படி சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் நடத்தும் தேசியப் பசுமைப் படையும் 2001-லேயே தொடங்கியாயிற்று.

அந்த 17-ல் முதலாவது வறுமை ஒழிப்பு, இரண்டாவது பசி ஒழிப்பு, ஐந்தாவது பாலினச் சமத்துவம், ஆறாவது தண்ணீரும் சுகாதாரமும். மரக்கன்று நட்டுப் படம் எடுத்ததோடு முடித்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு; அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் ஏன் தினமும் வருவதில்லை, குடம் தூக்குவது ஏன் எப்போதும் அம்மாவும் அக்காவும்தான் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறதே, அதுவும் இந்தப் பாடத்துக்குள்தான் வரும்.