பாரம்பரியம் பேசும் நாம் பெர்மிட்டைப் பற்றியும் பேச வேண்டும்

2008ஆம் ஆண்டு மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பினாங்குத் தமிழர்களாகிய நாம் முன்னோரின் வருகையைப் பெருமையோடு பேசப் பழகிவிட்டோம். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், தமிழகத்திலிருந்து முன்னோரை ஏற்றிவந்த ரஜூலா கப்பல், வந்திறங்கியவர்களை அடைத்துவைத்த ஜெரெஜாக் தீவு ஆகியவை மேடைப் பேச்சுகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், அதே நகரின் கடைத்தெருவில், வேலை அனுமதியான பெர்மிட்டில் வந்து வாழையிலைக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் புதுக்கோட்டை இளைஞர் நம் பாரம்பரியக் கணக்கில் சேர்வதேயில்லை.

ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது; 1938 வரை நீடித்த கங்காணி முறையில், ஊருக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. இன்று அந்த இடத்தில் ஏஜெண்ட் இருக்கிறார்; ஊரில் நகையை அடகு வைத்து அவருக்குக் கட்டிய பணத்தை அடைக்கும்வரை வந்தவரால் வாய் திறக்க முடிவதில்லை. கடப்பிதழோ (பாஸ்போர்ட்) முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. “பத்திரமா இருக்கட்டும்னுதான்” என்று சொல்லும் முதலாளிகளில் பலர் நம்மவர்களே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்ட அனுமதியின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யும் உரிமை வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், அவர் அதை ரத்து செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை இங்கே தங்குவதற்குக் குடிநுழைவுத் துறையின் சிறப்பு பாஸை மாதந்தோறும் 100 ரிங்கிட் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் முடியாது. சட்டம் தரும் உரிமையைப் பசி பறித்துக்கொள்கிறது.

ஆய்வாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள காலனி ஆட்சிக் கோப்புகள் பெரும்பாலும் அதிகாரிகள் எழுதியவை. தொழிலாளியின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏடுகளையும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்பட்டு வீட்டு அலமாரிகளில் கிடக்கும் சிவப்பு அடையாள அட்டைகளையும் கடிதங்களையும்தான் தேடிப்போக வேண்டும். (பாட்டியின் அட்டையைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடும் வீடுகள் இன்றும் உண்டு.) இன்றைய வேலை ஒப்பந்தமும் ஏஜெண்டின் ரசீதும் நாளை அதே மதிப்பைப் பெறும். ஆனால், பெர்மிட் முடிந்துபோனவரின் பெயரையோ படத்தையோ ஆய்வுக்காக வெளியிட்டு அவரைக் கைதுக்கு ஆளாக்கிவிடக் கூடாது.

ஆகவே, நம் கோயில் மண்டபங்களிலும் சங்கங்களிலும் ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் விளக்கவும், மனு எழுதித் தரவும், உரியவர் சம்மதித்தால் ஆவணங்களை நகலெடுத்துப் பாதுகாக்கவும் ஒரே மேசை போடலாம் என்பது என் கருத்து. அதை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வைக்க வேண்டாம். உணவகத் தொழிலாளிக்கு அன்றுதான் மூச்சுவிட நேரமிராது. வார நாளில், மதியக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் வைத்தால்தான் அவரால் வர முடியும்.