அறுகம்புல்லிடம் ஊர் கேட்கிறவர்களுக்கு

அயல் செடிகளை வேரோடு ஒழிப்போம் என்று ஒரு பட்டியல் நாலைந்து நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீமைக் கருவேலம், பார்த்தீனியம், உண்ணிச்செடி எல்லாம் சரி, மறுபேச்சு இல்லை. அவை கடல் கடந்து வந்தவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கடைசி வரியில் அறுகம்புல்லையும் சேர்த்து, பக்கத்தில் 'ஆப்பிரிக்கா' என்று போட்டிருக்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

போட்டவரையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. அறுகின் பங்காளிப் புற்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. ஆனால் அறுகு மட்டும் அங்கிருந்து மேற்காசியா, இந்தியா என்று பரந்து கிடக்கிறது. மாட்டின் வயிற்றில் விதையாகவும் ஏர்க்காலில் ஒட்டிய வேராகவும் அது ஊர் ஊராகப் போனதை யார் குறித்து வைத்தார்கள்? ஆஸ்திரேலியாவில் இதன் ஒரு வகையை மண்ணின் புல் என்றும் இன்னொன்றை வந்தேறி என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெயர் பெர்முடா புல். அந்தத் தீவுக்கே இது வெளியிலிருந்து போனதுதான்!

அகநானூற்றின் 136ஆம் பாட்டில் ஒரு கல்யாணம். கன்று மேய்ந்த பள்ளத்து அறுகு முதல் மழைக்கு ஈன்ற அரும்பை, வாகை இலையோடு வெண்ணூலில் கட்டி மணப்பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். இத்தனை காலம் இங்கே இருந்த புல்லுக்கு இன்னும் எத்தனை தலைமுறை போனால் குடியுரிமை கொடுப்பீர்கள்?

இதைச் சொல்கிற நான் அறுகுக்கு உறவுக்காரன் அல்லன். என் கடலைக் காட்டில் இதைவிடப் பெரிய எதிரி எனக்கு இல்லை. போன வருடம் அவசரத்தில் ரோட்டவேட்டர் என்கிற சுழல் கலப்பையை விட்டு ஓட்டினேன். ஒரு கொடி பத்துத் துண்டானது. கணு இருந்த துண்டெல்லாம் முளைத்தது. 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறவர்கள் ஒரு நாள் களைக்கொத்தோடு வந்து பார்க்கட்டும். இந்தச் சித்திரையில் கோடை உழவு போட்டு, மேலே வந்த வேரையெல்லாம் கையால் பொறுக்கி வரப்பில் குவித்தேன். அதைப் பிடுங்கியது களை என்பதால்தான். எந்த ஊர்ப் புல் என்று பார்த்து அல்ல. நகரத்தில் இதன் கலப்பின வகையைச் சதுர அடிக் கணக்கில் விலைகொடுத்து வாங்கி வாசலில் பதிக்கிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரம் வெயிலில் வைக்கோலாகக் காய்ந்து கிடந்தது அந்தக் குவியல். முந்தாநாள் ஒரு மழை. இன்று காலை போய்ப் பார்த்தால், அடியில் பச்சை.