காசநோய் மருந்துத் தேடலில் டாக்கிங் மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள்

காசநோய்க் கிருமியின் இன்ஹா என்சைமில் ஏதோ ஒரு தாவரச் சேர்மத்தை டாக்கிங் செய்து (அதாவது, புரதத்தின் குழியில் அது எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்து), வழக்கமான காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைவிட "நன்றாக ஒட்டுகிறது" என்று முடிக்கும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஒப்பீடே செல்லாது.

ஐசோனியசிட் ஒரு முன்மருந்து. கிருமிக்குள் கேட்ஜி என்சைம் அதைத் தூண்டிவிட்ட பிறகு, என்சைமுக்குத் துணையாக இருக்கும் என்ஏடி மூலக்கூறுடன் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பொருள்தான் இன்ஹாவை முடக்குகிறது. ஐசோனியசிட்டில் ஹைட்ரஜனை விட்டால் பத்தே பத்து அணுக்கள், தாவரச் சேர்மமான ரூட்டினில் 43. தொடுகிற அணுக்கள் கூடக் கூட டாக்கிங் மதிப்பெண்ணும் ஏறும் என்பதால், பெரிய மூலக்கூறு எதுவானாலும் அதை மிஞ்சத்தான் செய்யும். ஒப்பிடுவதானால் அந்தக் கூட்டுப்பொருளோடு ஒப்பிடுங்கள்.

என்ஏடி என்றதும் இன்னொன்று. புரதக் கோப்பைத் தயார் செய்யும்போது, தண்ணீரை நீக்குகிற அதே கட்டளையில் என்ஏடியும் போய்விடுகிறது. இது சின்னப் பிழையல்ல. டிரைக்ளோசான் போன்ற தடுப்பான்கள் என்ஏடியின் நிகோட்டினமைடு வளையத்தின் மேல் படிந்து, அதன் ரைபோஸையும் என்சைமின் 158ஆம் அமினோ அமிலமான டைரோசினையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. என்ஏடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தரை போன குழி. நம் மூலக்கூறு அந்தக் காலி இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு மைனஸ் 10 காட்டும் (மைனஸ் கூடக் கூட நன்றாக ஒட்டுகிறது என்று கணக்கு).

படிக அமைப்பில் இருந்த தடுப்பானையே முதலில் மறுபடி டாக் செய்யுங்கள். பழைய நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வராவிட்டால் அங்கேயே நிறுத்தி, மென்பொருள் தேடும் பெட்டியின் மையத்தையும் அளவையும், ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் புரோட்டான் நிலையையும் பாருங்கள். அடுத்து, தெரிந்த தடுப்பான் ஒவ்வொன்றுக்கும் எடையிலும் கொழுப்பில் கரையும் தன்மையிலும் ஒத்த, ஆனால் தடுக்காது என்று கருதப்படும் 50 போலிகளைக் கலந்து ஓட்டுங்கள். நிஜமானவை மேலே வராத அமைப்பில் லட்சம் சேர்மங்களை ஓட்டிப் பயனில்லை. டாக்கிங் மென்பொருளான ஆட்டோடாக் வீனாவின் கணிப்புப் பிழை, அதை உருவாக்கியவர்களே 2010இல் சொன்னபடி, மோலுக்குச் சுமார் 2.85 கிலோகலோரி; மதிப்பெண்ணின் அலகும் அதுவே. மைனஸ் 9.2க்கும் மைனஸ் 8.7க்கும் நடுவில் ரேங்க் போடுவதில் என்ன அர்த்தம்?

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பாதிக் கிணறுதான். மேலே வந்த நூறைக் கண்ணால் பார்த்து, ரோடனின், குர்குமின் போலச் சோதனைகளை ஏமாற்றும் அமைப்புகளைக் கழித்து, மீதியை வாங்கி என்சைமில் சோதிக்க வேண்டும். கரைசலில் 0.01 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்ததும் தடுப்பு காணாமல் போனால், அது பெரும்பாலும் சேர்மம் திரண்டு உருண்டதால் வந்த விளைவு.

பிறகு உயிருள்ள கிருமி. மைக்காலிக் அமிலம் அடர்ந்த மெழுகுச் சுவரோ, உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகளோ டாக்கிங்குக்குத் தெரியாது. வளரும் கிருமி நிறம் மாற்றும் நீலச் சாயமான ரெசசூரினைச் சேர்த்த தட்டில் நீலம் நீலமாகவே நின்றால் கிருமி வளரவில்லை. இளஞ்சிவப்பானால் சேர்மம் வேலை செய்யவில்லை. கிருமி இரட்டிப்பாகவே ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிப்பதால் ஒரு தட்டுக்கு ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காசநோய் மருந்தான பெடாகுயிலின் தலைகீழ் வழியில் வந்தது. வேகமாக வளரும் உறவுக்காரக் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் சேர்மங்களைப் போட்டுப் பார்த்தார்கள். எது தடுக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை எதிர்த்துத் தப்பிய திரிபுகளின் மரபணுவைப் படித்துத்தான் இலக்கு ஏடிபி சிந்தேஸ் என்று கண்டார்கள். அதனால்தான் முழுக் கிருமிச் சோதனைத் தரவில் பயிற்சி பெற்ற கணினி மாதிரிகள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். டாக்கிங் அவற்றுக்குத் துணையாக இருக்கட்டும்.

கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவு) அளவு ஒன்றுகூட இல்லாமல் "காசநோய்க்குப் புதிய மருந்து" என்று வருவதைத் திருப்பி அனுப்புங்கள். எந்தக் கிருமி வகையில், எத்தனை மைக்ரோகிராமில் என்று கேளுங்கள்.