சுட்டுத் துளைப்பதில்லை
டிஎன்ஏவை உயிரணுவுக்குள் புகுத்த மின்துடிப்பு கொடுக்கும் முறை பற்றிய கட்டுரையில், அந்தத் துடிப்பு உயிரணுச் சவ்வைச் 'சுட்டுத் துளைக்கிறது' என்று இருப்பது தவறு. சவ்வின் தடிமனே 5 நானோமீட்டர்தான்; அதன் குறுக்கே 1 வோல்ட் ஏறினாலே நீர் உள்ளே புகும், கொழுப்பு மூலக்கூறுகளின் தலைகள் திரும்பி நின்று துளைக்குக் கரை கட்டிவிடும். உயிரணு சிறிதாக இருந்தால் மின்புலம் கூடுதலாக வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு, மின்முனைகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள கியூவெட்டில் (மாதிரியை ஊற்றும் சிறு குப்பி) 1,800 வோல்ட், சுமார் 5 மில்லிவினாடி. உப்பு மிச்சமிருந்தால் 'டப்' என்று பொறி பறக்கும், மாதிரி வீண். குளிர்ந்த 10% கிளிசராலில் திரும்பத் திரும்பக் கழுவுவது அதற்காகத்தான். துடிப்பு முடிந்த கையோடு ஊட்டக் கரைசலை ஊற்றிவிட வேண்டும், ஒரு நிமிடத் தாமதம்கூடப் பெரிய இழப்பு. செம்பனை இலையில் நேரடியாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தம்பிக்கு: தோட்டத்துச் செம்பனை இலையில் அப்படியே துடிப்பைக் கொடுத்தால் சவ்வு திறக்கும், ஆனால் உயிரணுச் சுவர் டிஎன்ஏவை மறித்துக்கொள்ளும். முதலில் செல்லுலேஸ், பெக்டினேஸ் நொதிகளில் ஊறவைத்துச் சுவரைக் கரையுங்கள்.